வெள்ளெழுத்து

அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துரு பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. எழுத்துருக்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. தமிழ்ப் பக்கத்தை வழக்கப்படி விட்டுவிட்டு, ஆங்கிலப் பக்கத்துக்குப் பழைய பாணி எழுத்து ஒன்றைப் பிடித்தேன். எழுத்தின் உடம்பு வெறும் வெள்ளை, ஓரங்களில் மட்டும் கோடு. நூறு வருஷத்துக்கு முந்தைய அத்தர்ப் புட்டியின் சீட்டைப் பார்ப்பதுபோல இருந்தது. மணமக்கள் பெயருக்கு வைத்துப் பார்த்ததும் மனம் நிலைகொள்ளவில்லை. மண்டபத்தின் பெயர், முகவரி, சுற்றமும் நட்பும் வரை எல்லாவற்றையும் அதிலேயே போடச் சொன்னேன்.

கணினியில் உட்கார்ந்திருந்த தம்பி தயங்கினார். “சார், பேருக்கு மட்டும் வச்சுக்கலாம் சார். சின்ன எழுத்துக்குப் போட்டா அடைச்சுக்கும்.”

“இருக்கட்டும் தம்பி, போடுங்க” என்றேன்.

முந்நூறு பத்திரிகை அடித்து வந்தது. முதல் பத்திரிகையை மாமாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி தேடவில்லை. கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தலையையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தார். “ஏன் மாப்ள, மண்டபம் பேரு போடலையா?”

போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு சாம்பல் பட்டைகள்.

மாமாவுக்கு வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்களின் விழி ஆடி விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போகிற குறைக்குத் தமிழில் அதுதான் பெயர். நான் அவர் கையில் கொடுத்ததும் ஒரு வகையில் வெள்ளெழுத்துதான். இரண்டும் சேர்ந்து மண்டபத்தைக் காணாமல் அடித்துவிட்டன. அந்தத் தம்பி சொன்ன ‘அடைச்சுக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் செப்புத் தகடு, ஈயம், கண், கணினி என்று நாலு துறைச் சமாசாரம் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

நான் தேர்ந்தெடுத்த எழுத்தின் பெயர் காஸ்லன் ஓப்பன் ஃபேஸ். 1915-இல் சிகாகோவில் இருந்த ‘பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர்’ என்ற எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. வில்லியம் காஸ்லன் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் எழுத்து வெட்டிப் பெயர் வாங்கியவர். அவருக்கும் இதற்கும் உள்ள உறவு, பஸ் ஸ்டாண்டில் விற்கிற ‘ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா’வுக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் உள்ள உறவுதான். அமெரிக்க அச்சகங்களில் அப்போது காஸ்லன் என்ற பெயருக்கு மவுசு இருந்தது, ஒட்டிவிட்டார்கள். ஜாடையைப் பார்த்தால் இது பாரிஸ் பிள்ளை.

பாரிஸில் ஜார்ஜ் பெய்ன்யோ என்பவரின் வார்ப்பகம் 1912-ஐ ஒட்டி ஒரு காரியம் செய்தது. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புத்தகங்களில் படங்களும் முகப்புகளும் செதுக்கிய செப்புத் தகட்டுக் கலைஞர்களின் கையெழுத்துப் பாங்கை ஈய எழுத்தாக வார்த்து, அவர்கள் பெயரையே சூட்டியது. கொஷான் என்று ஒன்று, மொரோ லெ ஜூன் என்று ஒன்று. இரண்டாவது திறந்த உடம்புள்ள எழுத்து. காஸ்லன் ஓப்பன் ஃபேஸை அதன் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று எவரும் சொல்வார்கள். பெய்ன்யோ வீட்டு அண்ணன் தம்பிகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. சிகாகோவில் இந்த எழுத்து வெளிவந்த அதே 1915-இல் ஜார்ஜ் போர்முனையில் இறந்தார். அவருடைய சகோதரர்கள் மூவரும் அந்த முதல் உலகப் போருக்கே பலியானார்கள். பாரிஸின் 15-ஆவது வட்டாரத்தில் ‘நான்கு பெய்ன்யோ சகோதரர்கள்’ பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

எழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆங்கிலப் பெரிய எச் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தூண்கள், நடுவே ஒரு குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு மயிரிழைபோல ஒற்றைக் கறுப்பு; அதைத் திறக்கவில்லை. திறந்திருப்பது தூண்கள் மட்டும். அதிலும் இரு ஓரக் கோடுகளும் ஒரே பருமன் இல்லை. இடது ஓரம் மெல்லியது, வலது ஓரம் தடித்தது, இரண்டுக்கும் நடுவே வெள்ளை வாய்க்கால். ஓ எழுத்திலும் அப்படியே. வளைவு தடிக்கிற இடத்தில் வெள்ளை திறந்து, மெலிகிற இடத்தில் தானாக மூடிக்கொள்கிறது. சும்மா எழுத்தைச் சுற்றிக் கோடு இழுத்தால் இது வராது. எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் செப்பிலிருந்து வந்தது. செப்புத் தகட்டில் எழுத்து வெட்டுகிறவரின் கையில் ப்யூரின் என்ற கூருளி இருக்கும். அது உழுதுகொண்டு போன பள்ளம்தான் தாளில் கறுப்பாக விழும். தகடு முழுக்க மையைப் பூசி, மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே செலுத்தினால் தாள் பள்ளத்துக்குள் அமுங்கி மையை வாங்கிக்கொள்ளும். மெல்லிய கோடுகளுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் அகலமான கறுப்புத் திட்டு என்றால் தொல்லை. அகன்ற பள்ளத்தில் இருக்கிற மையைத் துணியே வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு தடித்த தூணைக் கறுப்பாக்க, ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பல கோடுகளை உழ வேண்டும். இரண்டு ஓரங்களை மட்டும் கீறி, ஒரு பக்கத்தில் இன்னும் நாலைந்து கோடு சேர்த்து நிழல் காட்டிவிட்டால் நேரம் மிச்சம், மையும் நிற்கும், பார்வைக்கும் லட்சணம். திறந்த எழுத்து செப்பில் பிறந்தது சிக்கனத்தில். அலங்காரம் என்பது பிறகு சேர்ந்த பெயர்.

ஈயத்துக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஈய எழுத்தில் மேடுதான் கறுப்பு, பள்ளம் வெள்ளை. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்சுக்குழி எடுக்க வேண்டும். குழியில் ஈயமும் ஆண்டிமணியும் தகரமும் கலந்த கலவையை ஊற்ற வேண்டும். செப்புக்காரர் ஒரே இழுப்பில் முடித்த கோட்டுக்காக, எஃகுக்காரர் அதன் இருபுறமும் உள்ள வெள்ளையை எல்லாம் தோண்டி எறிய வேண்டியிருந்தது. எழுத்தின் உடம்புக்குள் ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் கரையில் தலைமயிர் அளவு எஃகை உடையாமல் நிறுத்துவதற்கு எப்படிப்பட்ட கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். செப்பில் உழைப்பைக் குறைத்த வடிவம் எஃகில் உழைப்பைப் பெருக்கியது. அதனாலேயே அது விலையுயர்ந்த பொருளாக, முகப்புக்கும் தலைப்புக்கும் மட்டும் எடுக்கிற பொருளாக ஆனது. லின் பாய்ட் பென்டன் என்ற அமெரிக்கர் 1885-இல் காப்புரிமை பெற்ற எழுத்து வெட்டும் இயந்திரம் இந்தச் சிரமத்தைக் குறைத்தது. பெரிதாக வரைந்த ஒரு வடிவத்தின் மேல் ஒரு முனை ஓட, மறுமுனை அதையே சிறிதாக்கி உலோகத்தில் வெட்டும்.

வெட்டியாயிற்று என்றாலும் அச்சிடும்போது அந்த வாய்க்கால் நிம்மதியாக இருப்பதில்லை. உருளை மையைத் தடவும்போதும், தாள் அழுத்தும்போதும் மை மேட்டின் ஓரத்திலிருந்து பிதுங்கும். வாய்க்கால் அகலமானது என்றால் பரவாயில்லை. குறுகலானது என்றால் இரு கரையிலிருந்தும் பிதுங்கிய மை நடுவில் சந்தித்துக் கைகோத்துக்கொள்ளும். தாளிலிருந்து உதிர்கிற பஞ்சும் அங்கேயே போய் உட்காரும். பழைய அச்சுக்கூடங்களில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேய்த்தது சும்மா அல்ல. ‘அடைச்சுக்கும்’ என்பது அங்கே வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இன்றைய ஆஃப்செட்டிலும் லேசரிலும் மேடு பள்ளம் கிடையாது. ஆனாலும் தாளில் மை கொஞ்சம் பரவத்தான் செய்கிறது.

மர எழுத்துக்காரர்கள் இந்த வெள்ளையை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுவரொட்டி அளவு மர எழுத்துகளை இரண்டு கட்டைகளாகச் செய்தார்கள். ஒன்றில் ஓரக்கோடு மட்டும், மற்றதில் உள்ளுடம்பு மட்டும். இரண்டையும் இரு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் வண்ண எழுத்து. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வில்லியம் பேஜ் 1874-இல் வெளியிட்ட வண்ண மர எழுத்து மாதிரிப் புத்தகம் இந்த வித்தையின் உச்சம். ஃப்ளெக்ஸில் சிவப்பு எழுத்துக்கு மஞ்சள் ஓரம் கட்டுகிற நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்கும்.

இதுவரை சொன்னது தாளின் கதை. மாமாவின் கண்ணில் என்ன நடந்தது?

முதலில், உள்ளே ஒன்றுமே இல்லாத எழுத்தை நாம் எழுத்து என்று ஏன் ஒப்புக்கொள்கிறோம் என்பதே ஆச்சரியம். 1958-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனையின் பார்வைப் புறணியில் ஒரு நரம்பணுவுக்கு நுண்முனை வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் கறுப்புப் புள்ளி வைத்துத் திரையில் காட்டினார்கள். அணு பேசவில்லை. மணிக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, தகட்டை மாற்றிச் செருகுகிற ஒரு கணத்தில் அணு படபடவென்று பொரிந்தது. புள்ளியால் அல்ல, கண்ணாடித் தகட்டின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய நிழல்கோடாக நகர்ந்ததால். குறிப்பிட்ட சாய்வில் ஒரு விளிம்பு போனால் மட்டும் குரல் கொடுக்கிற அணு அது. 1981-இல் அவர்கள் பெற்ற நோபல் பரிசுக்குப் பின்னால் இருப்பது அந்தத் தகட்டின் ஓரம்.

ஒரே நிறத்தில் பரந்து கிடக்கிற பரப்பைப் பற்றி மூளைக்கு அதிகச் செய்தி தேவைப்படுவதில்லை. நிறம் மாறுகிற எல்லைதான் முக்கியம். திண்ணமான கறுப்பு எழுத்திலும் மூளை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஓரத்தைத்தான். ஓரக்கோட்டு எழுத்து அந்த வேலையைத் தாளிலேயே செய்து கொடுத்துவிடுகிறது. கோலத்தில் புள்ளியைச் சுற்றி ஓடுகிற ஒற்றைக் கோட்டைத் தாமரை என்று குழந்தைகூடச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கோடு வந்ததும் ஒரு வழக்கும் கூடவே வருகிறது: கோட்டின் எந்தப் பக்கம் பொருள், எந்தப் பக்கம் பின்னணி? கறுப்பு எழுத்தில் இந்தச் சண்டை இல்லை. முழுக்கத் திறந்த ஓ என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம். எழுத்து எது? வெளி வளையமா, உள் வளையமா, நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளையா? டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் உருவத்தையும் பின்னணியையும் மூளை எப்படிப் பிரிக்கிறது என்று ஆராய்ந்து எழுதிய நூல் வந்தது, நம்ப மாட்டீர்கள், இதே 1915-இல். பூச்சாடியா, எதிரெதிர் முகங்களா என்று மாறி மாறித் தெரிகிற படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. எல்லைக்கோடு எப்போதும் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம். மறுபக்கம் அதற்குப் பின்னால் தொடர்ந்து போவதாக மூளை எடுத்துக்கொள்ளும். எழுத்து பெரிதாக இருக்கும்போது வெள்ளை வாய்க்காலுக்கு வழக்கு சாதகமாகத் தீர்ந்துவிடுகிறது. சிறிதாகும்போது ஒவ்வொரு எழுத்திலும் ஒரு சின்ன வழக்கு. வாசகர் நீதிபதி இல்லை. அவருக்கு மண்டபத்துக்குப் போக வேண்டும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நஜீப் மஜாஜ், டெனிஸ் பெல்லி முதலானோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. எழுத்துகளின் மேல் பலவகை இரைச்சலைத் தூவி, எந்த நுணுக்கத்திலுள்ள இரைச்சல் படிப்பதைக் கெடுக்கிறது என்று பார்த்தார்கள். மூளை எல்லா அளவு எழுத்தையும் ஒரே சல்லடையால் சலிப்பதில்லை என்று தெரிந்தது. பெரிய எழுத்தை அதன் ஓரங்களை வைத்து அடையாளம் காண்கிறோம். சின்ன எழுத்தை அதன் கோடுகளின் மொத்தப் பருமனை வைத்து. காஸ்லன் ஓப்பன் ஃபேஸை நான் சிறிதாக்கியபோது, மாமாவின் மூளை மொத்தத்தைத் தேடியது. நான் கொடுத்திருந்ததோ ஓரத்தை மட்டும்.

கணக்கும் போட்டுவிடலாம். நல்ல பார்வை உள்ளவர் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் எல்லை, கண்ணில் ஏறத்தாழ ஒரு கலைக் கோணம். ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. கண் மருத்துவரின் பலகையில் உள்ள எழுத்துகளும் இந்த அளவை வைத்து அமைத்தவைதான். புத்தகம் படிக்கிற 40 செ.மீ. தூரத்தில் ஒரு கலை என்பது சுமார் 0.12 மி.மீ. இப்போது 10 பாயின்ட் எழுத்தைப் பாருங்கள். அதன் மொத்த உயரக் கட்டம் 3.5 மி.மீ. தூணின் பருமன் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, 0.35 மி.மீ. அதற்குள் மெல்லிய கோடு, வெள்ளை, தடித்த கோடு என்று மூன்று பேர் குடியிருக்க வேண்டும். ஆளுக்குச் சராசரி 0.12 மி.மீ. சரியாக எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது. மை துளி பரவினாலும் போயிற்று. மாமா கையை நீட்டி 60 செ.மீ.க்குத் தள்ளியதும் ஒரு கலை என்பது 0.17 மி.மீ. ஆகிவிட்டது, வாய்க்கால் கண்ணுக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. வெள்ளையும் கறுப்பும் கலந்தால் வருவது சாம்பல். அவர் கண்ட பட்டை அதுதான்.

இதே எழுத்து 72 பாயின்டில் 25 மி.மீ. கட்டம், தூண் 2.5 மி.மீ., வாய்க்கால் 0.8 மி.மீ. அதாவது ஏழு கலை. கண்ணுக்குத் தாராளம். மண்டப வாசலில் 10 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற பலகை என்றால் ஒரு கலையே 3 மி.மீ.; எழுத்தின் கட்டம் ஏறத்தாழ அரைச் சாண் அளவுக்குக் குறையாமல் இருந்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர்கள் நாலடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள் அல்லவா? இந்தக் கணக்கை அவர்கள் இமையால் போடுகிறார்கள்.

வலது ஓரம் மட்டும் ஏன் தடிப்பு? இதற்கும் செப்புக்காரர்கள் வைத்த வழக்கம்தான் காரணம் என்றாலும், அந்த வழக்கம் நம் மூளைக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் வேறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் எளிய வட்டங்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். மேல்பாதி வெளுப்பாகவும் கீழ்பாதி இருட்டாகவும் உள்ள வட்டம் புடைத்த குமிழாகத் தெரியும். அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரியும். காரணம், வெளிச்சம் ஒன்றுதான், அதுவும் மேலிருந்துதான் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு சூரியனின் கீழ் வாழ்ந்து பழகிய மூளை அது. பின்னால் வந்த ஆய்வுகள், அந்தக் கற்பனைச் சூரியன் உச்சியில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகப் பலரும் கொள்கிறார்கள் என்று காட்டின. இடது மேலிருந்து வெளிச்சம் என்றால் வலது ஓரத்தில் நிழல். வலப்பக்கம் தடித்த எழுத்து தாளிலிருந்து இழையளவு எழும்பி நிற்கிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் தடிப்பு இடப்பக்கம் போய்விடும். என் கண்ணுக்கு அப்போது எழுத்து கல்லில் வெட்டியதுபோல உள்ளே இறங்குகிறது. எல்லோருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்பதில்லை, செய்து பாருங்கள்.

கடைசியாகக் கணினி. இங்கே ஒரு வேடிக்கை. கணினியில் உள்ள அநேகமாக எல்லா நவீன எழுத்துருவும் ஓரக்கோட்டு எழுத்துருதான். 1984-இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் 1991-இல் வந்த ட்ரூடைப்பும் எழுத்தைச் சுற்றுக்கோடாக மட்டுமே சேமித்து வைக்கின்றன. ரெனோ கார் கம்பெனியின் பியர் பெசியேயும் சித்ரோயனின் பால் த காஸ்டெல்ஜோவும் கார் உடம்பின் வளைவுகளுக்காகக் கண்டுபிடித்த கணிதக் கோடுகள் அவை. நீங்கள் இப்போது படிக்கிற கறுப்பு எழுத்து கணினியின் நினைவில் வெற்றுடம்புதான். திரையில் காட்டும் நேரத்தில்தான் உள்ளே மை ஊற்றப்படுகிறது.

எங்கே ஊற்றுவது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கோட்டுக்கும் திசை உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி வலச்சுற்று வந்தால் ஒன்றைக் கூட்டு, இடச்சுற்று வந்தால் ஒன்றைக் கழி. விடை பூஜ்யம் என்றால் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. சாதாரண ஓ எழுத்துக்கு இரண்டு சுற்றுக்கோடு. முழுக்கத் திறந்த ஓ எழுத்தை உண்மையான எழுத்துருவாகச் செய்தால் நான்கு: வலம், இடம், வலம், இடம். வெளியிலிருந்து இரண்டாவது கோட்டின் திசையை மறந்துபோய் வலமாக வைத்துவிட்டால் உள்ளே எங்கேயும் கணக்கு பூஜ்யத்துக்கு வராது; ஓ எழுத்து கரும்பொட்டாகிவிடும். எஃகு வெட்டுகிறவரின் கை நடுங்கினால் கரை உடைந்ததுபோல, இங்கே ஓர் அம்புக்குறி திரும்பினால் வாய்க்கால் அடைத்துக்கொள்கிறது.

நான்கு கோடு எதற்கு, இருக்கிற எழுத்துக்கு மென்பொருளிலேயே அவுட்லைன் போட்டு, உள்ளே நிரப்பாமல் விட்டால் போதாதா என்று கேட்கலாம். தினமும் ஆயிரம் இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அது வேறு பண்டம். மென்பொருள், கோட்டின் பருமனில் பாதியை வெளியேயும் பாதியை உள்ளேயும் போடும். தூணுக்கும் மயிரிழைக்கும் ஒரே பருமன், மயிரிழை அடைத்துக்கொள்ளும். கூர்முனைகளில் கோடு முள்ளாக நீண்டுகொண்டு போகும். ஒரு வளைவுக்கு இணையாக இன்னொரு வளைவை ஓட்டுவதுகூடக் கணிதத்தில் நேரான காரியம் இல்லை. இடையில் ஒரு வர்க்கமூலம் புகுந்துவிடுவதால், பெசியே கோட்டுக்கு இணைகோடு பொதுவாகப் பெசியே கோடாக இருக்காது. மென்பொருள் கிட்டத்தட்ட ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுகிறது. நல்ல எழுத்துரு அமைப்பாளர் அந்த இடங்களைக் கையால் சரி செய்கிறார்.

தமிழ் எழுத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். ரோமன் எழுத்தில் தடித்த தூணைத் திறந்து மெல்லிய கோட்டை மூடி வைக்கலாம். வழக்கமான தமிழ் அச்செழுத்தில் தடிப்புக்கும் மெலிவுக்கும் அவ்வளவு வேறுபாடு இல்லை. திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும். ‘ண’வை அப்படித் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற வளைவுகள் ஒவ்வொன்றும் இரட்டையாகி, ரயில் யார்டுபோல ஆகிவிடும். சுழிக்குள் இருக்கிற வெள்ளைக்கும் உடம்பின் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொன்று, பல எழுத்துருக்களில் ‘க’ போன்ற எழுத்துகளைத் தனித்தனித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டியிருப்பார்கள். கறுப்பாக இருக்கும்வரை தெரியாது. அவுட்லைன் போட்டதும் எக்ஸ்ரே எடுத்ததுபோல உள்ளே இருக்கிற ஒட்டுகள் எல்லாம் வெளியே வந்து நிற்கும். கோரல் டிரா மென்பொருளில் ‘வெல்ட்’ பண்ணி ஒரே உடம்பாக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தத் தம்பி எனக்கு இதைச் செய்து காட்டியது இரண்டாம் முறை போனபோது.

ஆமாம், இரண்டாம் முறை போனேன். என் செலவில். மணமக்கள் பெயரை மட்டும் 36 பாயின்டில் திறந்த எழுத்தில் விட்டு, மற்றதையெல்லாம் அவர் திண்ணமான எழுத்துக்கு மாற்றினார். தாளையும் மை பரவாத வழவழப்பான தாளாக மாற்றச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

புதுப் பத்திரிகையை மாமாவிடம் கொண்டுபோனேன். மறுபடியும் கை நீண்டது, தலை பின்னுக்குப் போனது. மண்டபம் பெயர், தெரு, முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் சத்தமாக, ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு மேலே பெயர்களுக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கு மாப்ள. பேருக்குள்ளதான் மை ஊத்த மறந்துட்டாங்க போல.”